வாலில் ஒரு பெயர், காக்பிட்டில் வேறொரு கம்பெனி

என்ன: அமெரிக்காவில் பெரிய ஏர்லைன்கள் தங்கள் பெயரில் விற்கும் ரீஜனல் விமானங்கள் (சின்ன ஊர்களுக்கு வேறு கம்பெனிகள் ஓட்டும் சிறிய விமானங்கள்)
மதிப்பெண்: 3.5/5

ஆஸ்பத்திரி ஸ்கேன் எந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. நான் போகும் சின்ன ஊர்களுக்குப் பெரிய விமானம் வராது. டிக்கெட்டில் யுனைடெட், டெல்டா என்று இருக்கும். ஓட்டுவது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் மாதிரியான கம்பெனி. ஓட்டுவது யார் என்று டிக்கெட் விற்கும் வலைத்தளம் முதலிலேயே காட்ட வேண்டும் என 2010-ல் சட்டம் வந்தது. காட்டுகிறார்கள், எறும்பு சைஸ் எழுத்தில்.

எம்பிராயர் 175 கிடைத்தால் யோசிக்காமல் ஏறுங்கள். நடு சீட்டே கிடையாது, கைப்பெட்டி மேலே போகும். பெரிய கம்பெனிகளுக்காகப் பறக்கும் இந்த விமானங்களில் 76 சீட்டுக்கு மேல் இருக்காது. இடம் இல்லாமல் இல்லை. அதற்கு மேல் போனால் தங்கள் வேலை பறிபோகும் என்று பெரிய கம்பெனி பைலட் சங்கங்கள் ஒப்பந்தத்திலேயே போட்டுவைத்த கட்டு அது. 50 சீட் சிஆர்ஜே 200 வேறு ரகம். ஜன்னல் தோளுக்குக் கீழே. வெளியே பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டும். பெட்டியை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

ஒருமுறை அதில் டமால் என்று இறங்கினோம். பக்கத்தில் சீருடையோடு வந்த பெரிய கம்பெனி கேப்டன், "ரீஜனல் பசங்க" என்று உதட்டைப் பிதுக்கினார். நீங்கள் எதில் ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். இதே சிஆர்ஜேயில்தானாம்.

அவர் பக்கமும் நியாயம் இருப்பதுபோல்தான் தெரியும். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வாலில் இருந்தது பெரிய கம்பெனியான கான்டினென்டலின் பெயர். வேகம் குறைந்து ஸ்டியரிங் அதிர்ந்து எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் பின்னால் இழுத்தார். துணை பைலட் சியாட்டிலிலிருந்து ராத்திரியெல்லாம் பயணம் செய்து நுவார்க்குக்கு வேலைக்கு வந்தவர். அதன் பிறகு துணை பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்று 2013-ல் விதி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த இருவருக்குமே அதைவிட அதிக அனுபவம் இருந்தது. அங்கே போதாமல் போனது தூக்கமும் பயிற்சியும்.

அதே 2009 அக்டோபரில் நார்த்வெஸ்ட் 188, பெரிய கம்பெனியின் ஏர்பஸ், இறங்க வேண்டிய மினியாபொலிஸைத் தாண்டி 100 மைலுக்கு மேல் போய்விட்டது. பைலட்கள் இருவரும் லேப்டாப்பில் பணி அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தார்களாம். 2014-ல் சவுத்வெஸ்ட், 2016-ல் டெல்டா, இரண்டும் தவறுதலாகப் பக்கத்திலிருந்த வேறு ஓடுதளத்தில் இறங்கின. அந்தக் கேப்டன் இதற்கெல்லாம் உதட்டைப் பிதுக்கியிருப்பாரா, தெரியாது.

ஆகவே பைலட்டுக்காக நான் மதிப்பெண் குறைக்கவில்லை. ஒன்று போனது சிஆர்ஜே 200-க்காக. மீதி அரை, ரத்துக்காக. பெரிய நிலையத்தில் புயலோ பனியோ வந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்தச் சின்ன விமானங்கள்தான். அப்போது கவுன்ட்டரில் கேட்டால் பெரிய கம்பெனி சின்னதைக் கைகாட்டும், சின்னது பெரியதை. டிக்கெட் யாரிடம் வாங்கினீர்களோ அவர்களிடமே போய் நில்லுங்கள். மாலை விமானத்தை நம்பி மறுநாள் காலை வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.