ஹார்லெம் பூங்கா, லாஸ் ஏஞ்சலஸ் மைதானம்: எதை முதலில் பார்ப்பது?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையையும் போராட்டத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆவணப்படம் சொல்லுங்கள் என்றால், இன்று பலரும் சொல்வது 'சம்மர் ஆஃப் சோல்'. 2021இல் சன்டான்ஸ் திரைப்பட விழாப் பரிசு, அடுத்த ஆண்டே ஆஸ்கர். நல்ல படம்தான். ஆனால் ஒரு படம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், 1973இல் வந்த 'வாட்ஸ்டாக்ஸ்' படத்தைத்தான் கையில் கொடுப்பேன்.

இரண்டுமே கச்சேரிப் படங்கள். ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற குடும்ப இசைக்குழு இரண்டிலும் பாடுகிறது, கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் இரண்டிலும் மேடையில் நிற்கிறார். ஆனால் பார்க்கும்போது வரும் உணர்வு வேறு வேறு.

'சம்மர் ஆஃப் சோல்' 1969இல் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதிப் பூங்காவில் நடந்த இலவசக் கச்சேரிகளைப் பற்றியது. கோடை முழுக்க சுமார் 3 லட்சம் பேர் வந்தார்கள். ஹால் டல்ச்சின் என்பவர் சுமார் 40 மணி நேரம் படம் பிடித்தார். விளக்குக்குப் பணம் இல்லாததால் மேடையையே மேற்குப் பார்த்து அமைத்தார்கள். பாடுபவர் முகத்தில் விழுவதெல்லாம் நிஜ வெயில். கொஞ்சம் அந்தக் காலத்திலேயே தொலைக்காட்சியில் வந்தது. மீதியை வாங்க ஆளில்லாமல் நாடாக்கள் நிலவறையில் கிடந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து அவற்றைத் தொகுத்தவர் டிரம்ஸ் கலைஞர் குவெஸ்ட்லவ்.

இதில் ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். மார்ட்டின் லூதர் கிங் நேசித்த பக்திப் பாடல் அது. அவர் கொல்லப்பட்டு ஓராண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது. பக்திப் பாடகி மஹாலியா ஜாக்சனுக்கு அன்று உடம்பு சரியில்லை, நீ ஆரம்பி என்று ஸ்டேபிள் சிங்கர்ஸ் குழுவின் இளம் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸிடம் சொல்கிறார். அப்புறம் ஒரே மைக்கில் இருவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். அதைப் பாட்டு என்பதா, ஒப்பாரி என்பதா, எனக்குத் தெரியவில்லை.

குறை ஒன்று உண்டு. பாட்டு ஏறிவரும் நேரத்தில் பேட்டி குறுக்கே வந்துவிடுகிறது. வரலாறு தெரியாதவருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் பாட்டை முழுசாகக் கேட்க விடுவதில்லை.

'வாட்ஸ்டாக்ஸ்' அப்படி எதையும் விளக்குவதில்லை. 1965இல் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதி கொந்தளித்து 34 பேர் இறந்தார்கள். அதன் ஏழாம் ஆண்டு நினைவாக, மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசை நிறுவனம் 1972 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பெரிய மைதானத்தில் நடத்திய கச்சேரி இது. டிக்கெட் ஒரே ஒரு டாலர். ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். இயக்குநர் மெல் ஸ்டூவர்ட் வெள்ளையர். படப்பிடிப்புக் குழுவில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

பாதிப் படம் மைதானத்துக்கு வெளியேதான். முடிதிருத்தும் கடை, உணவகம், தேவாலயம் என்று கேமரா சுற்றுகிறது. வேலை, போலீஸ், காதல் என்று மக்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். நடுநடுவே நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் ப்ரையர் சிரிக்க வைத்துக்கொண்டே வலிக்க வைக்கிறார். பழையதை நினைத்துப் பேசும் குரல் இல்லை. எல்லாம் அன்றன்று நடப்பது. அதனால்தான் இந்தப் படம் எனக்கு ஒரு படி மேல்.

பாடகி கிம் வெஸ்டன் அமெரிக்க தேசிய கீதம் பாடும்போது பெரும்பாலான கூட்டம் உட்கார்ந்தே இருக்கிறது. சற்று நேரத்தில் அதே கிம் வெஸ்டன் கறுப்பின மக்களின் கீதத்தைப் பாட, முஷ்டியை உயர்த்தி எழுந்து நிற்கிறது. விளக்கம் சொல்ல யாரும் வரவில்லை. தேவையும் இல்லை.

இன்னொரு காட்சி. பாடகர் ரூஃபஸ் தாமஸ் பாட ஆரம்பித்ததும் கூட்டம் வேலியைத் தாண்டிப் புல்வெளியில் இறங்கி ஆடுகிறது. இளஞ்சிவப்பு அரைக்கால் சட்டையில் நிற்கும் அவர், போலீஸைக் கூப்பிடவில்லை. செல்லமாகப் பேசிப் பேசியே எல்லோரையும் இருக்கைக்குத் திருப்பி அனுப்புகிறார். குடையும் கையுமாக ஒரே ஒருவர் மட்டும் போக மறுக்கிறார். அவரையும் கேலி பேசியே கிளப்பிவிடுகிறார்.

பார்ப்பதானால் 2003இல் சீரமைத்த பிரதியைத் தேடுங்கள். உரிமைச் சிக்கலால் முதல் வெளியீட்டில் பாடகர் ஐசக் ஹேய்ஸின் புகழ்பெற்ற 'ஷாஃப்ட்' திரைப்படப் பாட்டை எடுத்துவிட்டார்கள். சீரமைத்த பிரதியில் சட்டைக்குப் பதில் தங்கச் சங்கிலிகளை அணிந்து அவர் மேடையேறும் முடிவு முழுசாக இருக்கிறது.