மூணு வருஷமா ஓடுற ஆர்டர் பார்சர்: காலி மெசேஜ் வந்தா என்ன ஆகுது

சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் மாமாவோட மளிகைக் கடைக்கு ஆர்டர் மெசேஜ் படிக்கிற பார்சர் ஒண்ணு பைத்தான்ல எழுதிக் குடுத்து மூணு வருஷம் ஆச்சு, பார்சர் எழுத உதவுற லார்க் லைப்ரரிதான் யூஸ் பண்றேன். "சின்ன வெங்காயம் 2 கிலோ, பொன்னி அரிசி 5 கிலோ"ன்னு வந்தா சாமான் வேற, அளவு வேறன்னு பிரிச்சுக் குடுத்துடும். மெசேஜ் எப்படி இருக்கணும்னு சொல்ற விதி, அதான் கிராமர், எழுத ஈஸி, தப்பு எந்த வரின்னு சொல்லிடும், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. என்னைப் போட்டு அலைய வெச்சது ஒண்ணுமே இல்லாம வர்ற மெசேஜ்தான்.

முதல்ல கிராமர்ல ஒரு சாமானாவது இருக்கணும்னு பிளஸ் போட்டிருந்தேன். காலியா வந்தா எரர் அடிக்கும், மெசேஜ் முடிஞ்சுடுச்சுன்னு காட்டுற டாலர் எண்ட் டோக்கனை இங்க எதிர்பார்க்கலன்னு. லாக் ஃபுல்லா இதுவா இருக்கேன்னு பிளஸை எடுத்துட்டு, ஒண்ணுமே இல்லாட்டியும் சரிங்கிற ஸ்டார் போட்டேன், எரர் நின்னுடுச்சு. பெரிய தப்பு அது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஈசூன்ல இருந்து ஒரு அக்கா பேப்பர்ல எழுதின லிஸ்ட்டை ஃபோட்டோ புடிச்சு அனுப்பியிருக்காங்க, டெக்ஸ்ட் காலி, அதனால சாமான் லிஸ்ட்டும் காலி, எல்லாம் ஸ்டாக்ல இருக்கான்னு பாக்குற இடத்துல நான் ஆல் ஃபங்ஷன் வெச்சிருந்தேன், காலி லிஸ்ட்டைக் குடுத்தா அது ட்ரூன்னுதான் சொல்லும், உடனே "ஆர்டர் ரெடி"ன்னு மெசேஜ் போயிடுச்சு. அவங்க நியூட்டன்ல ரயில் மாறி கடைக்கு வந்து நின்னா, பையே இல்ல. மாமா மன்னிப்புக் கேட்டு ஃபோட்டோவப் பாத்து அவரே எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

இப்ப பிளஸ் திரும்ப வந்தாச்சு. பார்சருக்கு முன்னாடியே பாத்துடுறேன்: டெக்ஸ்ட்டே வரலன்னா நன் (பைத்தான்ல "ஒண்ணுமே இல்ல"ங்கிற None), வந்து காலியா இருந்தா காலி ஸ்ட்ரிங், ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. ஃபோட்டோ, வாய்ஸ் எல்லாம் நேரா மாமா ஃபோனுக்குப் போயிடும். வெறும் ஸ்பேஸ், என்டர் மட்டும் வந்தா ரெண்டு ஓரத்தையும் வெட்டுற ஸ்ட்ரிப் போதும், ஆனா தமிழ்ல டைப் பண்ற மெசேஜ்ல சில சமயம் யூ+200சிங்கிற அகலமே இல்லாத யூனிகோட் எழுத்து ஒட்டிக்கிட்டு வரும், கண்ணுக்குத் தெரியாது, ஸ்ட்ரிப்பும் அதைத் தொடாது, எக்செல்ல இருந்து சிஎஸ்வியா சேவ் பண்ற ஃபைல் தலையில சில சமயம் வர்ற பிஓஎம்ங்கிற அடையாள எழுத்தும் அப்படித்தான். இன்னொண்ணு, காலி ஸ்ட்ரிங்கை கமா குடுத்து ஸ்ப்ளிட் பண்ணா, அதாவது துண்டு போட்டா, காலி லிஸ்ட் வராது, உள்ள ஒரு காலி ஸ்ட்ரிங்கோட வரும், லென், அதாவது எண்ணிக்கை, 1. ஒண்ணும் குடுக்காம ஸ்ப்ளிட் பண்ணாத்தான் 0. இதுலயே எனக்கு ஒரு சனிக்கிழமை போச்சு.

கட்டைவிரல் எமோஜி மட்டும் அனுப்புறவங்களுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல, எழுத்து இருக்கு, ஆர்டர் இல்ல. இப்போதைக்கு அதையும் மாமாதான் பாக்குறாரு.