கன்னியாகுமரியா, ஆரல்வாய்மொழியா?

நன்கொடை திரட்டும் சைக்கிள் பயணத்துக்குப் பயிற்சி எடுக்க நாகர்கோவிலிலிருந்து இரண்டு வழி. சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி என்றால் ஒரு பக்கம் சுமார் 20 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் இல்லை. இருட்டோடு கிளம்பினால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் முன் வீடு திரும்பிவிடலாம். விடுமுறை நாளில் மட்டும் வேண்டாம். சூரிய உதயம் பார்க்க வரும் வண்டிகள் வழிவிடாது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் கதையே வேறு. முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? தென்மேற்குப் பருவத்தில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் மோதும். தொடையில் வலு ஏற இதுதான் சரி, லாரித் தொல்லை இருந்தாலும். ஞாயிற்றுக்கிழமைக்கு என் ஓட்டு இதற்கே. அப்புறம், தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ வாங்கி வந்தால், வீட்டு வேலையைப் போட்டுவிட்டுப் போனதற்கு விழும் திட்டும் கொஞ்சம் குறையும்.