லக்சம்பர்க்–ட்ரியர்: பாதி ஓசி, மீதிக்குப் படும் பாடு

லக்சம்பர்க் நகரிலிருந்து ஜெர்மனியின் ட்ரியருக்கு நேரடி ரயில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சில வருடங்களாக இதில் போய்வருகிறேன், பயணம் ஒருநாளும் அலுத்ததில்லை. டிக்கெட் எடுப்பதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

2020 பிப்ரவரி 29 முதல் லக்சம்பர்க் நாட்டுக்குள் பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசம். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. ஆனால் அந்த ஓசி, எல்லையில் கடைசி ஸ்டேஷனான வாஸர்பில்லிக்கோடு சரி. அங்கிருந்து ட்ரியர் கால் மணி நேரம்தான், அந்தத் துண்டுக்கு டிக்கெட் வேண்டும். ரயில் மாற வேண்டியதில்லை, எழுந்திருக்கவும் வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே நாம் காசு கட்ட வேண்டிய பயணி ஆகிவிடுகிறோம்.

நான் வைத்திருக்கும் ஆப்பில் லக்சம்பர்க் – ட்ரியர் என்று போட்டால் நேரம், பிளாட்பாரம் எல்லாம் பளிச்சென்று வரும். விலை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. புறப்படும் ஊரை வாஸர்பில்லிக் என்று மாற்றினால்தான் ஐயா வாய் திறப்பார். ஊருக்குப் புதிதாக வருகிறவருக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? அப்டேட்டுக்கு அப்டேட் நிறம் மாறுகிறது, பட்டன் இடம் மாறுகிறது, இந்தக் கோடு மட்டும் அசையவில்லை.

டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. ஜெர்மனியின் வட்டார ரயில் எதிலும் மாதம் பூராவும் செல்லும். ஆனால் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது 2025-இல் 58, 2026-இல் 63 என்று ஏறிவிட்டது. அதுவும் சந்தா, நிறுத்துவதென்றால் மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு எதற்கு அது?

ரயிலைக் குறை சொன்னால் பாவம். இரண்டு அடுக்குப் பெட்டி. மாடியில் வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். வாஸர்பில்லிக்கில் சூர் ஆறு மோசலில் கலக்கிறது. அதைத் தாண்டியதும் ஜன்னலுக்குக் கீழே மோசல், அக்கரைச் சரிவில் திராட்சைக் கொடிகள், அப்புறம் பாலத்தில் ஆற்றைக் கடந்து ட்ரியர். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ரோமானியர் கட்டிய போர்ட்டா நீக்ரா கோட்டை வாசல், கன்னங்கரேலென்று.

ட்ரியரைத் தாண்டி கோப்லென்ஸ் ஊர் வரை போய்த் திரும்புகிறவர்கள் ஒன்று கவனிக்கணும். வரும் ரயில் ட்ரியரில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி சார்ப்ரூக்கன் பக்கம் போய்விடும். மாடி உள்ள பாதிதான் லக்சம்பர்க் வருவது.

பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் பையில் இருக்கட்டும். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைக் கொண்டுவந்தது, ரயிலிலும் போலீஸ் ஏறலாம். எல்லைச் சோதனையை ஒழிக்க 1985-இல் ஒப்பந்தம் கையெழுத்தான ஷெங்கன் கிராமம் இதே மோசல் கரையில்தான் இருக்கிறது என்பது தனிக் கூத்து.

ரயிலுக்குப் பத்துக்கு ஒன்பது தாராளமாகக் கொடுப்பேன். ஆனாலும் பெல்ஜியத்திலிருந்து வரப்போகும் நண்பர் நேற்று டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். பார்த்துச் சொல்லலாம் என்று ஆப்பைத் திறந்தால் அதே கோடு. காரிலேயே வந்துவிடுங்கள் என்று பதில் போட்டுவிட்டேன். வாஸர்பில்லிக்கில் பெட்ரோலாவது மலிவு.