புஜேயில் ஆறு குளிர்காலம்: விறகும் பட்டும்

பிரான்சில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் "லியோன் பக்கம்" என்று சொல்லிவிடுவேன். சொல்ல எளிது. உண்மையில் லியோனுக்குக் கிழக்கே, புஜே என்ற மலைப்பகுதியில் ஒரு சின்ன ஊர். முந்நூறு பேர் இருந்தால் அதிகம். அம்பேரியூ ரயில் நிலையத்துக்குக் காரில் கால் மணி நேரம், அங்கிருந்து லியோனுக்கு வட்டார ரயிலில் ஏறக்குறைய அரை மணி. நாங்கள் வந்து ஆறு குளிர்காலம் ஆகிவிட்டது. இங்கே வருடங்களைக் குளிர்காலத்தை வைத்துத்தான் எண்ண முடிகிறது.

வரும்போது ஒரு கணக்குப் போட்டிருந்தோம். இருப்பது கிராமத்தில், வரலாறு பார்ப்பது ஓய்வு நாளில் நகரத்தில். இரண்டும் தனித்தனி என்ற நினைப்பு. அது தப்புக்கணக்கு என்று புரிய ஒரு வருடம் ஆனது. அதற்கு முன்னால் விறகு.

விறகை இங்கே ஸ்தேர் கணக்கில் விற்கிறார்கள். ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் ஒரு ஸ்தேர். அதே கட்டைகளை 33 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து அடுக்கினால் இடைவெளி குறைந்து சுமார் 0.7 கன மீட்டருக்குள் அடங்கிவிடும். இது தெரியாமல் முதல் வருடம், "ஆறு சொன்னேன், நாலுதான் இருக்கிறது" என்று விறகுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அளவில் அவர்மேல் தப்பே இல்லை. தப்பு ஈரத்தில் இருந்தது. ஓக் கட்டை இரண்டு வருடமாவது காய வேண்டும். எங்களுக்கு வந்தது அந்த வருடம் வெட்டியது. எரியாமல் புகைந்துகொண்டே இருந்தது. வீட்டைச் சூடாக்கும் அடுப்பின் கண்ணாடிக் கதவு தினமும் கறுத்துப்போனது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். காய்ந்த கட்டை கணீரென்று ஒலிக்கும், ஈரக் கட்டை பொத்தென்று சத்தம் தரும். அன்றிலிருந்து தட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை.

புகைபோக்கியை வருடத்துக்கு ஒரு முறையாவது ஆள் வைத்துச் சுத்தம் செய்து சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். மின்சாரத்துக்கு 'டெம்போ' என்ற கட்டணத்தில் இருக்கிறோம்: வருடத்தில் 300 நாள் நீலம், 43 நாள் வெள்ளை, 22 நாள் சிவப்பு. சிவப்பு நாள் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் வரும், சனி ஞாயிறு வராது. அன்று பகலில் மின்சாரம் பல மடங்கு விலை. விறகடுப்பு உள்ள வீட்டுக்கு நல்ல லாபம். முழுக்க மின்சாரத்தில் சூடாக்கும் வீடு என்றால் தொடவே தொடாதீர்கள்.

ஊரின் நேரத்துக்குப் பழகுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பகல் 12 மணிக்குக் கதவை அடைத்தால் 2 மணிக்குத்தான் திறப்பு. எங்கள் மெரி, அதாவது ஊராட்சி அலுவலகம், வாரத்தில் இரண்டு அரைநாள் மட்டும். பிரான்சில் ஏறக்குறைய 35,000 ஊராட்சிகள், எவ்வளவு சின்னதானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். எங்கள் மேயரிடம் பாதிக் காரியத்தை அவர் டிராக்டரை நிறுத்தியிருக்கும்போதே பேசி முடித்திருக்கிறேன். மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் அபாயச் சங்கு ஊதும். வெறும் சோதனைதான், ஆனால் முதல் முறை கேட்டபோது போர் வந்துவிட்டதென்றே நினைத்தேன். சேவல் கூவுகிறது, மணி அடிக்கிறது என்று புகார் செய்யலாமா? நகரத்திலிருந்து வந்தவர்கள் போட்ட இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பிறகு, கிராமத்தின் ஒலியையும் மணத்தையும் நாட்டின் பொதுச் சொத்தில் ஒன்றாகச் சேர்த்து 2021இல் சட்டமே போட்டுவிட்டார்கள். அதிகாலைச் சாண நாற்றமும் அதில் அடக்கம்.

குறை சொல்லாவிட்டால் இது அனுபவப் பகிர்வு ஆகாது. மருத்துவர் கிடைப்பதில்லை. புதியவர்களை எடுப்பதில்லை என்ற பதிலையே கேட்டுக் கேட்டு, குடும்ப மருத்துவர் அமைய ஒன்றரை வருடம் ஆனது. கார் இல்லாமல் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது. அப்புறம் இன்னொன்று, வீடு காட்டியவர் வாயே திறக்காதது: சேன் வுல்பா அணுமின் நிலையம். அதைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருப்பதால் விபத்து நடந்தால் விழுங்க மருந்துக்கடையில் அயோடின் மாத்திரை இலவசம். சமையலறை மேல் அலமாரியில் மஞ்சள்தூளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் ஈடுகட்டுவது ஊர் அடுப்பு. கல்லால் கட்டிய பழைய பொது அடுப்பு புஜேயில் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. திருவிழாவுக்கு முதல் நாளே மூட்டிவிடுவார்கள். உள்ளே வளைகூரை முதலில் கரியேறிக் கறுத்து, பிறகு வெளுக்கும், வெளுத்தால் பதம். கொதிக்கும் சூட்டில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிய கலேத், சூடு தணியத் தணிய ரொட்டி. பேச்சு வளர்வதும் அங்கேதான். பக்கத்து வீட்டுப் பாட்டி நான்கு வருடம் என்னை 'நீங்கள்' என்றே அழைத்துவிட்டு, அந்த அடுப்படியில்தான் 'நீ'க்கு மாறினார்.

சரி, நகரத்துக்கு வருவோம். முதல் வருடம் எல்லோரையும் போலத்தான் பார்த்தேன். கி.மு. 43இல் ரோமானியர் அமைத்த 'லுக்துனும்' நகரம், ஃபூர்வியேர் குன்றின் கல் அரங்கம், ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து வேறு தெருவில் வெளியே வரும் திராபூல் சந்துகள். பழைய லியோன் இன்று நமக்கு மிஞ்சியிருப்பதே 1964இல் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்ததால்தான். நாட்டிலேயே அதுதான் முதல். திராபூலுக்குள் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், மெதுவாகப் பேசுங்கள்.

என்னை உலுக்கியது குருவா ரூஸ் மேடு. பூவேலைப் பட்டு நெய்யும் உயரமான ஜக்கார் தறி உள்ளே நிற்க வேண்டும் என்பதற்காக அங்கே வீட்டுக் கூரைகள் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம். கனூ என்று அழைக்கப்பட்ட பட்டு நெசவாளர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டார்கள். ஒப்புக்கொண்ட விகிதத்தைத் தர வியாபாரிகள் பலர் மறுக்க, 1831 நவம்பரில் நகரமே நெசவாளர் கைக்குப் போனது. "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்" என்பது அவர்கள் முழக்கம். 1834இல் மறுபடியும் கலகம். நான் சேர்ந்து நடந்த சுற்றுலாவில் வழிகாட்டி கதையை அத்தோடு முடித்துக்கொண்டார். அப்புறம் பட்டு எங்கே போனது?

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வந்திருக்கிறது. ஜுஜுரியூவில் குளோத் ஜோசப் பொனே தன் பட்டாலையைத் தொடங்கியது 1835இல், இரண்டாம் கலகத்துக்கு மறு வருடம். லியோனில் பட்டு வணிகம் செய்த அவர் பிறந்த ஊரும் அதுதான். மேட்டு நெசவாளர்களைப் போல எதிர்த்து நிற்காத, குறைந்த கூலிக்கு வரக்கூடிய கைகள் கிராமத்தில் இருந்தன. நூற்றுக்கணக்கான ஏழைப் பெண் பிள்ளைகள் ஆலைக்குள்ளேயே தங்கி, கன்னியாஸ்திரிகளின் கண்காணிப்பில் வேலை செய்தார்கள். தறி, தங்கும் கூடம், சிற்றாலயம் எல்லாம் ஒரே மதிலுக்குள். 2001இல் மூடினார்கள்; இப்போது அருங்காட்சியகம். அங்கே தொங்கும் வெல்வெட்டின் அழகில் ஐந்து நிமிடம் சொக்கி நின்றேன், பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு லியோனில் எங்கே பார்த்தாலும் எங்கள் பக்கம்தான் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்களின் அடித்தளத்திலும் படிக்கட்டிலும் உள்ள கெட்டியான சாம்பல்நிறக் கல்லில் நிறைய, ரோன் கரையிலுள்ள வீல்புவா ஊரில் வெட்டியது. நகரத்துக்கு ஆற்றில் படகில் போன கல்.

இஸ்யூ பற்றி அதிகம் எழுத வரவில்லை. தெற்கு புஜேயில், மலைச்சரிவில் ஒரு வெள்ளை வீடு. இரண்டாம் உலகப் போரில் யூதக் குழந்தைகளை நாஜிகளுக்குத் தெரியாமல் அங்கே ஒளித்து வளர்த்தார்கள். 1944 ஏப்ரல் 6 காலை, நாஜி ரகசியக் காவல்படையான கெஸ்டபோவின் லியோன் தலைவர் கிளாஸ் பார்பி உத்தரவில் 44 குழந்தைகளையும், உடனிருந்த 7 பெரியவர்களையும் பிடித்து, லியோனின் மோன்லுக் சிறைக்கு ஏற்றிப் போனார்கள். குழந்தைகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பார்பியை விசாரித்ததும் லியோனில்தான், 1987இல். வீட்டையும் சிறையையும் இரண்டு தனிச் சுற்றுலாவாகப் பார்த்தேன். ஒரே நாளில், அந்த வண்டி போன திசையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாட்டியை ஒரு முறை ஜுஜுரியூ அருங்காட்சியகத்துக்குக் கூப்பிட்டேன். அவருடைய பாட்டி அந்த ஆலையில் சிறுமியாக வேலை செய்தவராம்; எனக்கு அதுவரை தெரியாது. "அந்த வாசலைத் தாண்டி வெளியே வந்த நாளை அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காசு கொடுத்து உள்ளே போவதா?" என்றார். பிறகு, அடுத்த குளிர்காலத்துக்கு விறகு சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன், எட்டு ஸ்தேர்.