வெளியில் போடும் பெஞ்சுக்குத் தேக்கா, மருந்தேற்றிய பைனா, கலவைப் பலகையா?

மழையிலும் வெயிலிலும் கிடக்கப்போகும் பெஞ்சுக்குத் தேக்கு, அழுகாமலிருக்க மருந்தேற்றிய பைன் மரம், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கலவைப் பலகை என மூன்றையும் அலசிவிட்டுத் தேக்கில்தான் செய்தேன். ஆகவே இங்கே தராசு நேராக நிற்காது.

தேக்கு விலை கூடியது, பைன் மலிவு. இது தெரிந்த கதை. ஆனால் தேக்கு என்று வாங்குவதெல்லாம் ஒன்றல்ல. உழைப்பது அடிமரத்தின் நடுவிலிருக்கும் வைரம் பாய்ந்த பகுதிதான். ஓரத்து வெளிறிய பகுதி, தேக்கே ஆனாலும், சீக்கிரம் உளுத்துவிடும். பலகையைப் புரட்டி அந்த வெள்ளை எவ்வளவு என்று பார்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

என்னைத் தேக்கின் பக்கம் தள்ளியது பராமரிப்பு. அதற்கு எண்ணெய்கூடக் கட்டாயமில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பிலுள்ள லிக்னினை, அதாவது மர இழைகளைப் பிணைக்கும் பொருளை, சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது, மரம் சாம்பல் நிறமாகிறது. அது மேல்தோலோடு சரி. உப்புத்தாளால் தேய்த்தால் பழைய நிறம் திரும்பிவிடும். வார்னிஷ் பூசினால்தான் வம்பு. படலத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே போன நீர் வெளியேற வழியின்றித் தங்கும். பிறகு செதில் செதிலாக உரியும். புதிதாகப் பூசுமுன் முழுவதையும் சுரண்டியாக வேண்டும்.

எந்த மரமானாலும் கவனிக்க வேண்டிய இடம் கால்களின் அடி. ரம்பத்தில் குறுக்கே அறுத்த முகம், பலகையின் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். மரத்தில் ஈரம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால்தான் அழுகல் பூஞ்சைக்கு வாழ்வு. அதனால் அடியில் எபாக்சி என்ற, இறுகி நீர் புகாமல் தடுக்கும் பிசினைத் தடவி, கால்களைச் சிறு கற்களின் மேல் நிறுத்தினேன். உட்காரும் சட்டங்களுக்கு இடையே நீர் வடிய இடைவெளியும் விட்டேன்.

மருந்தேற்றிய பைனைக் குறைத்துச் சொல்லமாட்டேன். மண்ணில் புதையும் கம்பம் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன், அதுவும் மண்ணில் புதைக்கவென்றே மருந்தேற்றிய வகையாகப் பார்த்து. ஆனால் அறுத்த இடத்தில் எல்லாம் மருந்தை மறுபடி தடவ வேண்டும். மருந்திலுள்ள தாமிரம் சாதாரணத் திருகாணியை அரித்துவிடும், துருப்பிடிக்காத எஃகே நல்லது. ஈரத்தோடு விற்பதை வாங்கினால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். துண்டு மிச்சங்களை அடுப்பில் எரிக்கவும் கூடாது. எங்கோ பிரித்தெடுத்த பழைய பலகை கிடைத்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. முன்பு ஏற்றிய மருந்தில் ஆர்சனிக் என்ற நச்சு இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அது 2003 முடிவோடு நின்றது.

கலவைப் பலகையில் நான் எதையும் செய்ததில்லை, பிறர் போட்ட தளங்களில் நடந்ததோடு சரி. பெயின்ட் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வெயிலில் காலைச் சுடுகிறது. சூட்டில் நீளும் என்பதால் முனைகளில் இடைவெளி விட வேண்டும். மரத்தைவிட எளிதில் தொய்யும், எனவே அடியில் தாங்குசட்டங்களை நெருக்கமாக வைக்க வேண்டும். மேலே உறை போட்ட வகையில் ஆழமாகக் கீறல் விழுந்தால் தேய்த்து எடுக்க முடியாது, பலகையையே மாற்ற வேண்டியதுதான். அப்போது அதே நிறம் கடையில் இருக்குமா என்பது வேறு கேள்வி.