கல்லூரியில் படித்துக்கொண்டே மரைன் ஆபீசர்: பி.எல்.சி. வழி எப்படி?

அமெரிக்க மரைன் கார்ப்ஸில் ஏற்கெனவே வீரராக இருப்பவர்களுக்கான திட்டங்களை ஒதுக்கிவிட்டால், ஆபீசராக நுழைய நான்கு வாசல்கள்: அனாபொலிஸ் கடற்படை அகாடமி, பல்கலைக்கழகங்களில் நடக்கும் என்.ஆர்.ஓ.டி.சி., பட்டம் முடித்தவர்களுக்கான ஓ.சி.சி., கல்லூரி மாணவர்களுக்கான பி.எல்.சி. இந்த நான்கில் எங்கள் ஓட்டு பி.எல்.சி.க்குத்தான். கல்வியாண்டில் சீருடை கிடையாது, அணிவகுப்பு கிடையாது. கோடையில் மட்டும் வர்ஜீனியாவின் குவாண்டிகோவுக்குப் போய் வர வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்குக் கார்ப்ஸிடம் பணம் வாங்காத வரை, பயிற்சியை முழுதாக முடித்த பிறகும் "எனக்குப் பதவி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வரலாம். பயிற்சி நாட்களுக்கு சார்ஜன்ட் நிலைச் சம்பளமும் உண்டு. குறைகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பெரியது, கீழே வருகிறது.

முதல் தவறு பெரும்பாலும் வாசலிலேயே நடக்கிறது. வணிக வளாகத்தில் இருக்கும் ரெக்ரூட்டரிடம் போய் ஆபீசர் ஆவது பற்றிக் கேட்பார்கள். அவர் வேலை வீரர்களைச் சேர்ப்பது, அவருக்கு இருக்கும் இலக்கும் அதுதான். நீங்கள் தேட வேண்டியது ஆபீசர் செலக்‌ஷன் ஆபீசரை, அதாவது ஓ.எஸ்.ஓ.வை. ஒவ்வொரு ஓ.எஸ்.ஓ.வின் கீழும் சில கல்லூரிகள் இருக்கும். "இப்போது வீரராகச் சேர்ந்துவிடு, பட்டம் கையில் இருந்தால் பிறகு ஆபீசர் ஆவது சுலபம்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். உள்ளே போன பிறகு அது புதிய விண்ணப்பம், புதிய போட்டி.

குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. பதவியேற்கும்போது வயது பொதுவாக 20-க்கும் 28-க்கும் இடையில் இருக்க வேண்டும். சாட் தேர்வில் 1000, அல்லது ஆக்ட்டில் 22, அல்லது ராணுவத் தகுதித் தேர்வான ஏ.எஃப்.க்யூ.டி.யில் 74, இவற்றில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் சரி. நிறையப் பேர் சறுக்குவது மருத்துவப் பரிசோதனையில்தான். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவு இருந்தால் விலக்கு கேட்க வேண்டும். லேசர் கண் அறுவை சிகிச்சை செய்தால் 180 நாள் பொறுக்க வேண்டும். பழைய மருந்துச் சீட்டை மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2022 முதல் பரிசோதனை மையங்கள் எம்.எச்.எஸ். ஜெனிசிஸ் என்ற மின்பதிவு முறைக்கு மாறிவிட்டன, மருத்துவமனைப் பதிவுகளும் மருந்துக்கடைப் பதிவுகளும் அதில் தெரிந்துவிடுகின்றன. முன்கூட்டியே சொன்னால் அது விலக்குக்கான விண்ணப்பம். சொல்லாமல் இருந்து பிறகு தெரியவந்தால் நேர்மை பற்றிய கேள்வி ஆகிவிடும். ஆபீசர் தேர்வில் அதற்கு மருந்தே கிடையாது.

உடல்தகுதித் தேர்வு மொத்தம் 300 மதிப்பெண்: புல்-அப், பிளாங்க், மூன்று மைல் ஓட்டம். 235 எடுத்தாலே முதல் வகுப்பு. ஆனால் தேர்வுக் குழுவுக்கு முன் போட்டி போட 275-ஐ ஒட்டி இருப்பது நல்லது. 21 முதல் 25 வயது ஆண்களுக்கு முழு மதிப்பெண் வேண்டுமென்றால் 23 புல்-அப், 3 நிமிடம் 45 விநாடி பிளாங்க், 18 நிமிடத்தில் ஓட்டம். புல்-அப்புக்குப் பதில் புஷ்-அப் எடுக்கலாம், ஆனால் அதில் எத்தனை எடுத்தாலும் உச்சவரம்பு 70 மதிப்பெண். தொடக்கத்திலேயே 30 போய்விடும். புல்-அப்பில் எண்ணிக்கை கழிவது எங்கே என்றால், கீழே இறங்கும்போது முழங்கை முழுதாக நீளாத இடத்தில். வீட்டில் 20 எடுப்பவர், தேர்வாளர் முன் 14-இல் நிற்பது இதனால்தான். ஒவ்வொரு முறையும் கை நேராகத் தொங்கும்வரை இறங்கிப் பழகுங்கள்.

பச்சை குத்துவது பற்றி அதிகமாகக் கேட்கிறார்கள், அதிகமாகத் தவறான பதிலும் சுற்றுகிறது. 2016 விதி கடுமையானது. ஆபீசருக்கு உடற்பயிற்சி உடையில் வெளியே தெரியும் டாட்டூ நான்குதான் என்று எண்ணிக்கையே வைத்திருந்தார்கள். 2021 அக்டோபரில் வந்த அறிவிப்பு அதைத் தளர்த்தியது. இப்போது முழுக் கை நிறையப் பச்சை இருந்தாலும் தடையில்லை. தலை, கழுத்து, கை (மணிக்கட்டுக்குக் கீழே) கூடாது. விரலில் மோதிரம் போல ஒரு வளையம் மட்டும் விதிவிலக்கு, அதுவும் அகலம் 3/8 அங்குலத்துக்குள். எங்கே இருக்கிறது என்பதைவிட என்ன இருக்கிறது என்பதில்தான் கண்டிப்பு அதிகம். இனவெறி, பாலியல் இழிவு, கும்பல், போதை, தீவிரவாதம் சார்ந்த எதுவும் உடம்பில் எந்த இடத்திலும் கூடாது.

தமிழ் எழுத்தில் பச்சை குத்தியிருப்பவர்கள், அதன் பொருளை ஆங்கிலத்தில் எழுதி விண்ணப்பத்தோடு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பார்ப்பவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து என்றால் கேள்வி வரத்தான் செய்யும். ஈழத்து வேர் உள்ள குடும்பங்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சின்னத்துக்கு வீட்டில் என்ன பொருள் இருந்தாலும், உடம்பில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும் வாய்ப்பே அதிகம்.

ஆபீசருக்கு ரகசிய அனுமதியும் வேண்டும். அதற்கான எஸ்.எஃப்.-86 படிவத்தில் வெளிநாட்டு உறவினர், பயணம், சொத்து எல்லாம் எழுத வேண்டும். மதுரையில் தாத்தா இருப்பது தடையல்ல, எழுதாமல் விடுவதுதான் தடை. பழைய பாஸ்போர்ட் முத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். இன்னொன்று: வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓ.சி.ஐ. அட்டை கிடையாது என்பது இந்திய அரசின் விதி. ஊருக்குப் போய்வர விசா எடுக்க வேண்டி வரும். இதைக் கையெழுத்துப் போடும் முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

இனி பயிற்சி. முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர் இரண்டு கோடைகளில் ஆறு ஆறு வாரம் போவார். மூன்றாம் ஆண்டில் சேர்பவருக்கு ஒரே மூச்சில் பத்து வாரம். முடிந்தால் ஆறு வாரக் கணக்கையே எடுங்கள். முதல் கோடையில் தெரியவரும் பலவீனத்தைச் சரிசெய்ய ஒரு வருடம் கையில் கிடைக்கும். குவாண்டிகோவில் நடக்கும் இந்தப் பயிற்சிப் பள்ளி, ஓ.சி.எஸ்., பயிற்றுவிப்பதைவிட அதிகமாகச் சலிக்கும் இடம். மதிப்பெண்ணில் தலைமைப் பண்புக்கு 50 விழுக்காடு, படிப்புக்கு 25, உடல்தகுதிக்கு 25. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 80 வேண்டும். ஓட்டத்தில் கொடிகட்டிப் பறப்பவர் தலைமைப் பண்பில் விழுந்து வீடு திரும்புவது இதனால்தான்.

எப்படி விழுகிறார்கள் என்பதை எல்.ஆர்.சி. என்ற சோதனையில் பார்க்கலாம். சின்னக் குழு, ஒரு பலகை, கொஞ்சம் கயிறு, தொடக் கூடாத பகுதிகள் உள்ள ஒரு தடை, கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்கும் மதிப்பீட்டாளர். நிலவரம், பணி, செயல்முறை, வழங்கல், கட்டளைத் தொடர்பு என்ற ஐந்து பத்திக் கட்டளையைக் குழுவுக்குச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். தடையைக் கடந்தாயா என்பது இரண்டாம்பட்சம். தோற்பவர் பெரும்பாலும் திட்டத்தைச் செதுக்கிக்கொண்டே நின்றுவிடுகிறார், அல்லது பலகையைத் தானே தூக்கத் தொடங்கிவிடுகிறார். சுமாரான திட்டம், தெளிவான குரல், யாருக்கு எந்த வேலை என்ற பகிர்வு, சரிப்படாவிட்டால் உடனே மாற்றுவது: இதற்குத்தான் மதிப்பெண். "நான்" என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை, "இந்தக் கேண்டிடேட்" என்றுதான் பேச வேண்டும். கூடத் தங்கியிருப்பவர்களும் உங்களைத் தரவரிசைப்படுத்துவார்கள்.

உடம்பில் முதலில் உடைவது காலின் முன் எலும்பு. டிரெட்மில்லில் மட்டும் ஓடிவிட்டு வருபவருக்குக் குவாண்டிகோ மேடு பள்ளத்தில் எலும்பில் கீறல் விழும், பாதியிலேயே திருப்பி அனுப்பப்படுவார். மூன்று நான்கு மாதம் முன்பிருந்தே மண்பாதையில் ஓடுங்கள். பூட்ஸைப் போட்டு நடந்து பழக்குங்கள், ஆனால் பூட்ஸில் ஓட வேண்டாம்.

பட்டமும் பதவியும் வாங்கிய பிறகு, பைலட் ஆனாலும் வக்கீல் ஆனாலும், எல்லோரும் டி.பி.எஸ். என்ற அடிப்படைப் பள்ளியில் ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தாக வேண்டும். மற்றப் படைகளில் இப்படி இல்லை. ஒவ்வொரு ஆபீசரும் ஒரு காலாட்படை பிளட்டூனை நடத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது கார்ப்ஸின் பிடிவாதம், நியாயமான பிடிவாதம். நாங்கள் சொன்ன பெரிய குறையும் இங்கேதான். விமானம், சட்டம் போன்ற ஒப்பந்தங்களில் வந்தவர்களுக்கு வேலை உறுதி. மற்றவர்களுக்கு எந்தத் துறை என்பதே டி.பி.எஸ். நடுவில்தான் தெரியும். வகுப்பைத் தரவரிசைப்படி மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு துறையின் இடங்களையும் மூன்று பங்குக்கும் சமமாகக் கொடுப்பார்கள். நல்லவர்கள் எல்லோரும் ஒரே துறைக்குப் போய்விடக் கூடாது என்பது காரணம். 240 பேர் வகுப்பில் 80-ஆம் இடத்தில் இருப்பவர் முதல் பங்கின் கடைசி ஆள், அவருக்கு மிச்சம் இருப்பதுதான். 81-ஆம் இடத்தில் இருப்பவர் அடுத்த பங்கின் முதல் ஆள், அவர் விருப்பத்துக்கு முன்னுரிமை. உளவுத்துறை மட்டும்தான் வேண்டும் என்பவர் வேறு படையைப் பார்ப்பதே மேல். தளவாடத் துறை கிடைத்தாலும் மரைனாக இருந்தால் போதும் என்பவருக்கு இது சரியான இடம்.

பதவி உயர்வில் முதல் படிகள் சுலபம். இரண்டு வருடத்தில் ஃபர்ஸ்ட் லெப்டினன்ட், ஏறக்குறைய நான்கில் கேப்டன். ஆனால் முதல் ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகும் இருக்க ஒரு குழு உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல் "இருபது வருடம் இருப்பேன்" என்று கணக்குப் போடுபவர்கள் நிறைய. அதன் பிறகு 1980-இல் வந்த சட்டத்தின் வழிகாட்டுதல்படி உயர்வு பெறுவோர் பங்கு இது: மேஜருக்குப் பத்தாண்டை ஒட்டி 80 விழுக்காடு, லெப்டினன்ட் கர்னலுக்குப் பதினாறில் 70, கர்னலுக்கு இருபத்திரண்டில் 50. இரண்டு முறை தேர்வாகாத கேப்டன் பொதுவாக வெளியேற வேண்டியதுதான். குழு பார்ப்பது முக்கியமாக ஃபிட்னஸ் ரிப்போர்ட்டை, அதாவது மேலதிகாரி எழுதும் பணி மதிப்பீட்டை. அதில் ஏ முதல் ஜி வரை கிரேடு உண்டு (ஏ கடைசி, ஜி உச்சம்), ஆனால் எழுத்து மட்டும் எதையும் சொல்லாது. எழுதிய மேலதிகாரி மற்றவர்களுக்கு என்ன கொடுத்தார் என்பதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பு. தாராளமாகப் போடுபவரிடம் வாங்கிய டி-யைவிடக் கறாரானவரிடம் வாங்கிய சி பெரியதாக இருக்கலாம்.

நான்கு வருடத்தோடு போதும் என்று வெளியே வருபவருக்கு ஒரு கணக்கு. அகாடமியிலும் என்.ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையிலும் வந்தவர்கள் அதற்கு ஈடாகச் செய்யும் கட்டாயச் சேவை, 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் கல்விச் சலுகையில் சேராது. கல்லூரிக் கடனைக் கார்ப்ஸ் அடைக்காத பி.எல்.சி. ஆபீசருக்குச் சேரும். 36 மாதம் முழுநேரப் பணி முடித்தால் முழுச் சலுகை, மேற்படிப்புக் கட்டணத்தில் பெரும்பகுதி அதிலேயே அடைந்துவிடும்.